அம்மாவின் வீட்டைக் காலி செய்தேன். அந்த நிகழ்ச்சிகளைப் பார்த்துத்தான் செய்தேன்

தாழ்வாரம் (இழையைத் தொடங்கியவர்)

இதை எழுதி எழுதி அழித்து மூன்று மாதம் ஆகிவிட்டது. இன்று அழிக்காமல் அனுப்பிவிடுகிறேன்.

என் அம்மாவுக்கு 72 வயது. தனியாக இருக்கிறார். அவர் வீட்டில் வாசற்கதவிலிருந்து படுக்கையறை வரை ஒற்றையடிப் பாதை மாதிரி ஓர் இடைவெளிதான் உண்டு. அதிலும் ஒருக்களித்துத்தான் போக முடியும். இரண்டு பக்கமும் இடுப்புக்கு மேல் செய்தித்தாள் கட்டுகள், அட்டைப்பெட்டிகள், பைக்குள் பை, அந்தப் பைக்குள் இன்னொரு பை. அடுப்பில் நான்கு பர்னர். ஒன்றில் மட்டும் சமையல், மற்ற மூன்றின் மேலும் பெட்டிகள். கட்டிலில் பாதி துணிமூட்டை, மீதிப் பாதியில் அம்மா.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு "ஹோர்டர்ஸ்" என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியை, எதையும் விட முடியாமல் குவித்துவைப்பவர்களின் வீடுகளைக் காலி செய்து காட்டுவதை, கிடைத்த மட்டும் தொடர்ந்து பார்த்தேன். ஒவ்வொரு பகுதியும் ஏறக்குறைய ஒரே தடத்தில் போகும். மூக்கைப் பொத்தும் உறவினர்கள், அழுகை, வாக்குவாதம், வாசலில் வந்து நிற்கும் லாரி, இரண்டு மூன்று நாள் வேலை, கடைசியில் பளிச்சென்ற தரை. பார்க்கப் பார்க்க எனக்குள் ஒரு துணிச்சல் வந்தது. ஒரு லாரியும் நாலு ஆளும் இருந்தால் போதும், இத்தனை வருடம் வீணாகப் பயந்துவிட்டோம் என்று தோன்றிவிட்டது.

அம்மா கண் அறுவைச் சிகிச்சை முடிந்து தங்கை வீட்டில் பத்து நாள் இருந்தார். அந்தப் பத்து நாளில் ஆள் வைத்து வீட்டைக் காலி செய்தேன். சுவருக்கு வண்ணம்கூட அடித்தேன். அவர் திரும்பி வந்த அன்று கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, நிகழ்ச்சியில் வருவதுபோல முகம் மலரப்போகிறது என்று காத்திருந்தேன்.

அம்மா கத்தவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய்க் கீழ் அலமாரியைத் திறந்தார். வெறும் தட்டைக் கையால் தடவிப் பார்த்தார். "இங்கே இருந்த தகர டப்பா எங்கே?" என்றார்.

அந்த டப்பா எனக்கு நினைவிருந்தது. உள்ளே முழுக்க மருந்துப் புட்டி மூடிகள். குப்பை என்று நானே என் கையால் பையில் கொட்டினேன். அப்பா கடைசி இரண்டு ஆண்டுகள் குடித்த மருந்துகளின் மூடிகள் அவை. ஒவ்வொரு மூடியின் உட்புறத்திலும் அந்தப் புட்டியைத் திறந்த தேதியை அம்மா பேனாவால் எழுதிவைத்திருந்தாராம். நான் ஒரு மூடியைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

பதினோரு மாதம் என்னுடன் பேசவில்லை. வீடு இரண்டே ஆண்டில் முன்பைவிட அதிகமாக நிரம்பிவிட்டது. இப்போது வாசற்படி வரை என்னை வர விடுகிறார், அதற்கு மேல் இல்லை.

அந்த நிகழ்ச்சிகளைப் பார்த்தவர்கள், இந்த நோயை அருகிலிருந்து அறிந்தவர்கள் சொல்லுங்கள். நான் பார்த்தது சிகிச்சையா, வேடிக்கையா? இனி நான் என்ன செய்ய வேண்டும்?

---

நெடுஞ்சுவர்

அந்த டப்பாவைப் பற்றிப் படித்ததும் நெஞ்சு கனத்துவிட்டது. ஆனாலும் பழி முழுவதையும் நிகழ்ச்சிகள் மேல் போடுவதை என்னால் ஏற்க முடியாது.

நான் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன். அழைப்புமணி அடித்தால் அப்பா விளக்கை அணைப்பார். நாங்கள் மூவரும் மூச்சுக் காட்டாமல் தரையில் உட்கார்ந்திருப்போம். பள்ளி நண்பன் ஒருவன்கூட எங்கள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. ஒருமுறை தண்ணீர்க் குழாய் உடைந்தது. பழுது பார்க்க வருபவர் வீட்டைப் பார்த்துவிடுவாரே என்று யாரையும் கூப்பிடவில்லை. ஏழு மாதம் வெளியிலிருந்து வாளியில் சுமந்தோம்.

எனக்கு 31 வயதாகும்போது டிஎல்சி தொலைக்காட்சியில் "ஹோர்டிங்: பரீட் அலைவ்" பார்த்தேன். 2010இல் தொடங்கிய நிகழ்ச்சி. திரையில் தெரிந்தது எங்கள் வீடு. அதே பைகள், அதே மூடிய ஜன்னல், குரலைத் தாழ்த்திக்கொள்ளும் அதே பிள்ளைகள். அதுவரை உலகத்திலேயே எங்கள் வீடு ஒன்றுதான் இப்படி என்று நம்பியிருந்தேன். அன்றிரவு அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். அவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் பேசவில்லை, அழுதுகொண்டே இருந்தோம்.

இதற்கு ஒரு பெயர் உண்டு என்று எந்த மருத்துவரும் எனக்குச் சொல்லவில்லை. தொலைக்காட்சிதான் சொன்னது. குவிப்பவரின் மனம் புண்படக் கூடாது என்கிறோம், சரி. அந்த வீட்டுக்குள் வளரும் பிள்ளையின் மனத்தை யார் பார்ப்பது?

---

இளவேனில்

மனநலத் துறையில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். இப்படிப்பட்ட வீடுகளுக்குள் போய் வருவது என் வேலையில் ஒரு பகுதி.

தாழ்வாரம், உங்கள் முதல் கேள்விக்கு மருத்துவக் கையேட்டிலேயே பதில் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநோய்களை வரையறுக்கும் டிஎஸ்எம்-5 கையேட்டில்தான் இது முதன்முறையாகத் தனி நோயாக இடம்பெற்றது. அதற்கு முன்பு ஓசிடியின் (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் நோய்) ஒரு முகமாகப் பார்த்தார்கள், அல்லது ஒருவகை ஆளுமைக் கோளாறின் எட்டு அடையாளங்களில் ஒன்றாக எண்ணினார்கள். அந்த 2013 வரையறையில், புழங்கும் இடமெல்லாம் பொருள் அடைந்து கிடப்பதைச் சொல்லும் பகுதியில் ஒரு வாக்கியம் வருகிறது. அதன் சாரம் இது: வீடு அடைசல் இல்லாமல் இருக்கிறது என்றாலும், அது குடும்பத்தாரோ துப்புரவாளரோ அதிகாரிகளோ தலையிட்டதால் மட்டுமே என்றால், அந்த அடையாளம் இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

இதை நிகழ்ச்சியின் கடைசிக் காட்சியோடு பொருத்திப் பாருங்கள். அந்தப் பளிச்சென்ற தரை வெளியாட்கள் துடைத்த தரை. நோய் எங்கேயும் போய்விடவில்லை, அந்தத் தரையில் நின்றுகொண்டிருப்பவருக்குள்தான் இருக்கிறது. வெற்றி என்று காட்டி இசை போடும் அந்தக் கணத்தை வரையறை வெற்றியாகவே கணக்கில் எடுக்கவில்லை.

குப்பை இந்த நோயின் மையம் அல்ல. விட முடியாமைதான் மையம். பொருளுக்கு மதிப்பு உண்டா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை. பெரும்பாலோருக்கு 11 முதல் 15 வயதுக்குள் அடையாளங்கள் தலைகாட்டத் தொடங்கும். வாழ்க்கையைப் பெரிதாகக் குலைக்கும் நிலை முப்பதுகளின் நடுவில் வரும். வயது ஏற ஏற முற்றும். இளையவர்களைவிட முதியவர்களிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். அதாவது உங்கள் அம்மா ஐம்பது அறுபது ஆண்டுகளாகச் சுமந்துவரும் ஒன்றைத் தொலைக்காட்சி மூன்று நாளில் முடித்துக் காட்டுகிறது. அங்கேதான் பொய் நுழைகிறது. யாரோ வசனம் எழுதிக் கொடுத்ததால் வரும் பொய் அல்ல, காலத்தைச் சுருக்குவதால் வரும் பொய்.

இந்த நோய்க்கென்றே ராண்டி ஃப்ராஸ்ட், கெயில் ஸ்டெகெட்டி என்ற இருவர் உருவாக்கிய பேச்சு சிகிச்சை முறை இருக்கிறது. 26 அமர்வுகள். அவற்றில் சில அவரவர் வீட்டிலேயே, அந்தக் குவியலுக்கு நடுவே நடக்கும். அதன் பிறகும் பலர் முழுமையாக விடுபடுவதில்லை, குறைகிறது. ஒரு பர்னர் இருந்த இடத்தில் மூன்று பர்னர் கிடைக்கும். எங்கள் துறையில் அதற்கே மகிழ்ந்துபோவோம்.

நெடுஞ்சுவர் சொன்னதில் நியாயம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். "ஹோர்டர்ஸ்" 2009 ஆகஸ்டில் தொடங்கியது. கையேட்டில் தனி இடம் கிடைப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, பொதுமக்கள் மனத்தில் இதற்கு ஒரு முகத்தைக் கொடுத்தது தொலைக்காட்சிதான். கொடுத்த முகம் சரியானதா என்பதுதான் என் கேள்வி.

---

சொல்வேட்டை

ஒரு சின்னக் குறுக்கீடு. பத்திரிகைகளில் இதைப் "பதுக்கல் நோய்" என்று எழுதுவதைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். பதுக்கல் என்பது விலை ஏறட்டும் என்று சரக்கை ஒளித்துவைக்கும் குற்றம். அந்தச் சொல்லிலேயே போலீஸ் வாசனை இருக்கிறது. "சேமிப்பு" என்றால் பாராட்டுவதுபோல் ஆகிவிடுகிறது. நெடுஞ்சுவர் "குவிப்பவர்" என்று எழுதுவது நன்றாக இருக்கிறது. "குவிப்புக் கோளாறு" என்றால் பழியும் இல்லை, புகழும் இல்லை.

இன்னொன்று. சிலர் இதை "டயோஜெனிஸ் நோய்க்குறி" என்றும் அழைக்கிறார்கள். முதுமையில் தம்மைத் தாமே கவனிக்காமல் விட்டுவிடும் நிலைக்கு 1975இல் வைத்த பெயர் அது. டயோஜெனிஸ் என்ற பழங்காலக் கிரேக்கத் தத்துவ ஞானி ஒரு சிறுவன் கையால் நீர் அள்ளிக் குடிப்பதைப் பார்த்துத் தன்னிடம் இருந்த ஒரே குவளையையும் எறிந்தவர் என்று கதை. எதையும் வைத்துக்கொள்ளாதவரின் பெயரை எதையும் விட முடியாதவர்களோடு சேர்த்துப் பேசுவது எனக்கு எப்போதுமே நெருடும்.

---

காமிராக்கண்

தொலைக்காட்சியில் படத்தொகுப்பாளராகப் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தேன். குவிப்பவர் நிகழ்ச்சியில் வேலை செய்ததில்லை. வீட்டைப் புதுப்பித்துத் தரும் நிகழ்ச்சி ஒன்றில் செய்தேன். இரண்டுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான்: முன்பு, நடுவில் சண்டை, பின்பு.

மேசைக்கு வரும் காட்சிகளில் பெரும்பகுதி யாரும் எதுவும் பேசாமல் வேலை செய்வது. அதை வைத்து ஒரு நிமிடம்கூட ஓட்ட முடியாது. ஒருவர் ஒரு பொருளைக் கையில் எடுத்து, யோசித்து, கீழே வைத்து, மறுபடி எடுத்து, கடைசியில் தாமாகவே பையில் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இளவேனில் அதைப் பெரிய முன்னேற்றம் என்பார். எங்கள் மேசையில் அது வெட்டு. அவரே பொறுமை இழந்து ஒரு விநாடி குரலை உயர்த்தினால் அதுதான் விளம்பர இடைவேளைக்கு முந்தைய காட்சி. அந்த ஒரு விநாடியை முன்னோட்டத்தில் ஒருமுறை, தொடக்கத்தில் ஒருமுறை, இடைவேளைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு முறை காட்டுவோம். பார்ப்பவர் மனத்தில் அவர் கத்துபவராகவே தங்கிவிடுவார். யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாம் நடந்ததுதான்.

ஒரு பெண்மணியின் வீட்டுக் காட்சிகளைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். பழைய நாற்காலி ஒன்றை வெளியே எடுத்துப் போகிறார்கள். அவர் ஓடிப்போய் அதன் கைப்பிடியை விரலால் ஒருமுறை தொட்டுவிட்டு விலகி நிற்கிறார். இரண்டு விநாடி இருக்கும். எனக்கு அந்த நிகழ்ச்சியில் மிகப் பிடித்த இடம் அது. நேரம் போதாது என்று எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

---

பழைய_ஏணி

தீயணைப்புத் துறையில் 29 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். மெதுவாக, பொறுமையாக, 26 அமர்வுகள் என்றெல்லாம் படிக்கும்போது எனக்குப் பதற்றம் வருகிறது. மன்னிக்கவும், ஆனால் சொல்லியாக வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் தீயணைப்புப் படையினர் 2009 வரையிலான பத்து ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். குடியிருப்புத் தீ விபத்துகளில் குவித்த வீடுகளின் பங்கு 0.25 சதவிகிதம்தான். ஆனால் தடுத்திருக்கக்கூடிய தீ மரணங்களில் 24 சதவிகிதம் அந்த வீடுகளில் நிகழ்ந்தவை. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது, நாங்களும் உள்ளே போக முடியாது. கட்டிவைத்த செய்தித்தாள் மேலே அணைந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். நீர் பட்டால் கனம் ஏறிச் சரியும்.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஹோமர், லாங்லி காலியர் என்ற சகோதரர்கள் இருந்தார்கள். அண்ணன் ஹோமருக்குப் பார்வை போய்விட்டது. என்றைக்காவது பார்வை திரும்பினால் விட்டுப்போன செய்திகளை எல்லாம் படிக்கட்டும் என்று தம்பி லாங்லி செய்தித்தாள்களைச் சேர்த்துவைத்தார். 1947 மார்ச்சில் ஹோமரின் உடலைக் கண்டெடுத்தார்கள். தம்பியைக் காணோம் என்று ஊரெல்லாம் தேடினார்கள். ஏப்ரலில்தான் லாங்லியும் அதே வீட்டில், அண்ணன் இறந்து கிடந்த இடத்திலிருந்து ஏறக்குறைய பத்தடி தூரத்தில் கிடைத்தார். அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வழியில் குவியல் சரிந்து அவரை அமுக்கிவிட்டது. அவர் இல்லாமல் அண்ணன் பட்டினியால் இறந்தார். வீட்டிலிருந்து 120 டன்னுக்கு மேல் பொருள்களை வெளியேற்றினார்கள், 14 பியானோ உட்பட. அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் இப்படிப்பட்ட வீட்டை இன்றும் "காலியர் மாளிகை" என்றுதான் சொல்கிறார்கள். போலீஸார் உள்ளே போன அன்றே வாசலில் பெருங்கூட்டம் கூடிவிட்டது, செய்தித்தாள்கள் நாள்தோறும் எழுதின. வேடிக்கை பார்ப்பதைத் தொலைக்காட்சி கண்டுபிடிக்கவில்லை.

தாழ்வாரம், உங்கள் அம்மாவின் அடுப்பின் மேல் பெட்டிகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரி மட்டும்தான் கண்ணில் நிற்கிறது. வீடு முழுவதையும் மறந்துவிடுங்கள். முதலில் அடுப்பு. அடுத்து, கட்டிலிலிருந்து வாசல் வரை இருட்டில் தடுக்கி விழாமல் வர ஒரு வழி. மூன்றாவது, புகை எச்சரிக்கைக் கருவி. மற்றதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும்.

---

ஒற்றைச்சாளரம்

இத்தனை பேர் எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் அவர்களில் ஒருவன். வயது 54.

கணக்கராக இருக்கிறேன். என் அலுவலக மேசையில் ஒரு துண்டுக் காகிதம் மிச்சமிருக்காது. மற்றவர்களின் கோப்புகளில் எதை வைக்க வேண்டும், எதைக் கழிக்க வேண்டும் என்று கண நேரத்தில் சொல்லிவிடுவேன். வீட்டில் மூன்று அறைகளில் இரண்டுக்குள் போக முடியாது. இதைச் சோம்பல் என்பவர்கள் இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துப் படியுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். போன வாரம் ஒரு ரசீதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மழைக்கோட்டு வாங்கிய ரசீது. ஒன்பது ஆண்டுப் பழையது. எழுத்து மங்கி, தேதியின் கடைசி எண்ணும் மொத்தத் தொகையும் மட்டும் தெரிகின்றன. அந்த மழைக்கோட்டு இப்போது இல்லை. பையில் போடலாம் என்று கை போகிறது. அன்றைக்குக் கடைக்கு என்னோடு வந்த நண்பர் நினைவுக்கு வருகிறார். அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அன்று அவர் ஏதோ சொல்லிச் சிரித்தார், என்ன சொன்னார் என்பது மறந்துவிட்டது. ரசீது இருந்தால் என்றாவது நினைவு வரலாம். போட்டுவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். நெஞ்சு படபடக்கிறது. வயிறு இறுகுகிறது. படியிலிருந்து கால் நழுவும்போது வருமே, அந்த உணர்வு. நாற்பது நிமிடம் கழித்து அதைக் குவியலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றி வைத்தேன். ஒரு மாலை முழுவதும் போயிற்று. ஒரு ரசீது ஓரடி நகர்ந்தது.

இதை எந்தக் காமிரா காட்டும்? காட்டினால் யார் பார்ப்பார்கள்?

நெடுஞ்சுவர், உங்களுக்கு அந்த நிகழ்ச்சிகள் கதவைத் திறந்தன. எனக்கு மூடின. முதன்முதலில் பார்த்தபோது எனக்கு வந்தது நிம்மதி. திரையில் உத்தரம் தொடும் குவியல், செத்த பூனைகள், அழுகிய உணவு. நான் அந்த அளவுக்கு இல்லையே என்று ஆறு ஆண்டுகள் ஆறுதல் பட்டுக்கொண்டேன். மருத்துவரிடம் கடைசியில் போனபோது ஒன்பது படங்களைக் காட்டினார்கள். ஒரே அறை, முதல் படத்தில் ஒழுங்காக இருக்கும், ஒன்பதாவதில் நிரம்பி வழியும். என் அறை எந்தப் படம் என்று கேட்டார்கள். ஐந்து என்றேன். நான்கை எட்டினாலே கவனிக்க வேண்டும் என்றார்கள். தொலைக்காட்சியில் நான் பார்த்ததெல்லாம் எட்டும் ஒன்பதும். இரண்டும் மூன்றும் நான்குமாக இருக்கும்போதே எங்களில் எத்தனை பேர் உதவி கேட்டிருப்போம்! அந்த வீடுகளைக் காட்ட யாருக்கும் ஆர்வம் இல்லை.

இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. உதவி கேட்டால் லாரி வரும் என்ற பயம். என் அண்ணன் "உன் வீட்டுக்கு ஒருநாள் ஆள் கூட்டி வருகிறேன்" என்று சாதாரணமாகச் சொன்னார். அன்றைக்கே பூட்டை மாற்றினேன்.

தாழ்வாரம், உங்கள் அம்மா உங்களை வாசற்படி வரை விடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எவ்வளவு பெரிய இடம் என்று உங்களுக்குத் தெரியவில்லை. என் அண்ணனுக்கு அதுகூட நான் இன்னும் கொடுக்கவில்லை.

---

இளவேனில்

ஒற்றைச்சாளரம், எழுதியதற்கு நன்றி. உங்கள் அலுவலக மேசையைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு ஓர் ஆய்வே சாட்சி சொல்கிறது. 2012இல் டேவிட் டோலின் என்ற உளவியலாளரும் குழுவினரும் குவிப்புக் கோளாறு உள்ள 43 பேரின் மூளையை ஸ்கேன் கருவிக்குள் வைத்துக் கவனித்தார்கள். ஓசிடி உள்ளவர்களும் எந்த நோயும் இல்லாதவர்களும் ஒப்பீட்டுக்கு இருந்தார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய கடிதங்கள், காகிதங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். சில அவர்களுடையவை, சில வேறு யாருடையவையோ. வைத்துக்கொள்வதா, கிழித்துவிடுவதா என்று முடிவு சொல்ல வேண்டும். அடுத்தவர் காகிதம் வரும்போது, முடிவெடுக்கவும் உடலின் உணர்வுகளைக் கவனிக்கவும் உதவும் பகுதிகள் குவிப்பவர்களிடம் மற்றவர்களைவிட மந்தமாக இருந்தன. தம்முடைய காகிதம் வந்ததும் அதே பகுதிகள் மிகையாகக் கொதித்தன. படியிலிருந்து கால் நழுவுவதுபோல என்றீர்களே, அந்த உணர்வு வெறும் உவமை அல்ல.

---

நெடுஞ்சுவர்

ஒற்றைச்சாளரம் ஐயா, இரண்டு முறை படித்தேன். என் அப்பா இதில் ஒரு வரியைக்கூட எங்களிடம் சொன்னதில்லை. கேட்டால் எழுந்து போய்விடுவார். அவர் உள்ளுக்குள் என்ன நடந்தது என்று அவர் இறந்து எட்டு ஆண்டுக்குப் பிறகு உங்கள் ரசீதில் தெரிந்துகொள்கிறேன்.

இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். அந்த நிகழ்ச்சிகளுக்கு வருபவர்கள் ஒப்புக்கொண்டுதானே வருகிறார்கள்? உளவியலாளர் இருக்கிறார், துப்புரவுச் செலவை நிகழ்ச்சிக்காரர்களே ஏற்கிறார்கள், பிறகும் உதவி தருவதாகச் சொல்கிறார்கள். கையில் காசில்லாத ஒருவருக்கு வேறு எந்த வழி?

---

காமிராக்கண்

நண்பரே, அந்தப் பகுதிகளின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கெடு இருக்கும். வீட்டிலிருந்து வெளியேற்றப் போகிறார்கள், குழந்தையை அழைத்துப் போய்விடுவார்கள், மணவாழ்க்கை முறியப் போகிறது. அந்தக் கெடு இல்லாமல் கதைக்கு விறுவிறுப்பு இல்லை என்பது உண்மை. ஆனால் அதே கெடுதான் கையெழுத்தையும் வாங்கித் தருகிறது. கழுத்துக்கு மேல் தண்ணீர் போகும்போது நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடாதவர் யார்? அந்தக் கையெழுத்துக்குப் பிறகு அவர் முகம், அவர் கழிப்பறை, அவர் கட்டில் எல்லாம் எத்தனை ஆண்டானாலும் இணையத்தில் இருக்கும். உதவி மூன்று நாள். படம் நிரந்தரம்.

செலவை அவர்கள் ஏற்பது உண்மை. அதை நான் சிறிதாக்கவில்லை.

---

இளவேனில்

நெடுஞ்சுவரின் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. சிகிச்சை தெரிந்தவர்கள் குறைவு, செலவு அதிகம், வரிசை நீளம். அந்த வெற்றிடத்தில்தான் தொலைக்காட்சி நுழைந்தது. நிபுணர் இல்லாமலே ஒரே சிக்கல் உள்ளவர்கள் சேர்ந்து உட்கார்ந்து, வாரம் ஒரு பாடமாகச் செய்துபார்க்கும் சுயஉதவிக் குழுக்கள் சில நாடுகளில் நடக்கின்றன. ஓரளவு பலன் தருகின்றன. லாரியைவிட மலிவானவையும்கூட.

பிள்ளைகள் இருக்கும் வீடு, அடுப்பின் மேல் காகிதம் இருக்கும் வீடு, இவற்றில் காத்திருக்க முடியாது என்று பழைய_ஏணி சொல்வது முற்றிலும் சரி. ஆபத்தை நீக்குவதற்காகத் தலையிட வேண்டியிருக்கும். ஆனால் அதைச் சிகிச்சை என்று பெயர் சூட்டிக்கொள்ள வேண்டாம், வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் செய்ய வேண்டாம்.

தாழ்வாரம், உங்கள் இரண்டாவது கேள்வி. முதலில் மன்னிப்பு. "வீட்டைக் காலி செய்ததற்கு" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அந்த மூடிகளுக்காகக் கேளுங்கள். அதன் பிறகு பழைய_ஏணி சொன்ன அடுப்பு. அம்மாவின் அனுமதி இல்லாமல் ஒரு பொருளையும் தொடாதீர்கள். அவர் எடுத்துக் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள். "குப்பை" என்ற சொல் உங்கள் வாயில் வரக் கூடாது. அவர் ஒரு பொருளின் கதையைச் சொன்னால் முழுவதும் கேளுங்கள். கதையை யாராவது வாங்கி வைத்துக்கொண்டால், சில சமயம் பொருளை விட முடிகிறது. எப்போதும் அல்ல.

---

தாழ்வாரம் (ஐந்து வாரங்களுக்குப் பிறகு)

எல்லோருடைய பதிவுகளையும் பலமுறை படித்தேன். நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அம்மாவிடம் மூடிகளுக்காக மன்னிப்புக் கேட்டேன். வாசற்படியில் நின்றுதான் கேட்டேன். நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "முதல் மூடி எந்தத் தேதி தெரியுமா?" என்று கேட்டு, அவரே சொல்ல ஆரம்பித்தார். எந்த மருந்து, அன்று அப்பா என்ன சொன்னார், கசப்புக்கு முகத்தை எப்படிச் சுளித்தார். எல்லாத் தேதியும் அவருக்கு மனப்பாடமாக இருக்கிறது. நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வந்து எழுதிக்கொண்டேன். இதுவரை 31 மூடிகள் ஆகியிருக்கின்றன.

மூன்றாவது வாரம் உள்ளே வரச் சொன்னார். அடுப்பைப் பற்றி மட்டும் பேசினேன், தீ பயமாக இருக்கிறது என்று. ஒரு பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மூன்று மணி நேரம் ஆயிற்று. அதிலிருந்து வெளியே போகலாம் என்று அவர் கொடுத்தது ஒரு டார்ச் விளக்கு மட்டும், கண்ணாடி உடைந்தது. மறுநாள் காலையில் தொலைபேசியில், "அதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்" என்றார். சரி அம்மா என்றேன். பெட்டி அடுப்பின் மேல் திரும்பிப் போகவில்லை, நாற்காலிக்குப் போயிருக்கிறது. இப்போது இரண்டு பர்னர் காலி.

---

பழைய_ஏணி

மகிழ்ச்சி, தாழ்வாரம். புகை எச்சரிக்கைக் கருவி மாட்டியாயிற்றா?

---

தாழ்வாரம்

நேற்றுதான் மாட்டினேன் ஐயா. அம்மாவே இடம் காட்டினார். நாற்காலி போட இடம் இல்லை. செய்தித்தாள் கட்டுகளின் மேல் ஏறி நின்றேன், அம்மா என் கணுக்காலை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.